ஷூ பட்டறையில் துண்டுகள் ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: மதுரையில் சின்னப் பட்டறை. ஒரே நாளில் 7, 8, 9 சைஸ் வெட்டுகிறோம். தைத்து முடித்தால் சைஸ் கலந்திருக்கிறது, சில ஜோடியில் நிறமும் ஒத்துவரவில்லை.

தையலில் தெரிந்தாலும் தப்பு தொடங்குவது வெட்டும் மேசையில்தான். ஒரு முழு சைஸுக்கு நீளத்தில் சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். முன்பக்கத் துண்டில் அதில் ஒரு பங்குதான் விழும், கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் உள்ளே மடிந்து மறையும் ஓரத்தில் வெட்டுக்குறி போடுங்கள்: 7க்கு ஒன்று, 8க்கு இரண்டு, 9க்கு மூன்று. குறி 1 மி.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சில்) இழுக்கும்போது அங்கேயே கிழியும்.

நிறத்துக்கு மருந்து ஒன்றுதான். திண்டுக்கல் தோலோ வேறு ஊர்த் தோலோ, முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கும், அதனால் நிறமும் இடத்துக்கு இடம் மாறித் தெரியும். இடது, வலது முன்துண்டுகளை அடுத்தடுத்த இடத்தில், ஒரே திசையில் வெட்டுங்கள். வெட்டிய கையோடு உள்பக்கத்தில் இரண்டிலும் ஒரே ஜோடி எண் எழுதுங்கள், நடுவில். ஓரத்தில் எழுதினால், தைப்பதற்காக ஓரத்தை மெலிதாகச் சீவும்போது எண் போய்விடும். வெளிர்நிறத் தோலில் பால்பாயின்ட் மை மேலே ஊறிவரும், பென்சில் போதும்.

12 ஜோடிக்கு ஒரு கட்டு, அதோடு மாடல், சைஸ், நிறம் எழுதிய அட்டை. நாக்கும் இரண்டு பக்கத் துண்டும் உள்ள சாதாரண மாடலில் 24 முன்துண்டு, 48 பக்கத்துண்டு, 24 நாக்கு எண்ணித்தான் தையலுக்குப் போக வேண்டும்.

ஒரு துண்டு கெட்டால் பக்கத்துக் கட்டிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கேயும் குழப்பம் பிறக்கும். இடது, வலது இரண்டையும் புதிதாக வெட்டி, பழைய எண்ணையே எழுதுங்கள்.