பாட்டு இருக்கிறது, பாடகர் எங்கே?

கே: ஸ்டீரியோ ஒலியின் முன்னோடி ஆலன் புளூம்லைன் படத்துக்கு நம் ஊர் மைக்செட்காரர்கள் ஆடித் திருவிழாவிலாவது ஒரு மாலை போடக் கூடாதா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

ப: மாலையா? கையில் கொடுத்தால் குழாய் ஸ்பீக்கர் வாயில்தான் மாட்டுவார்கள். அப்புறம் அம்மன் பாட்டு சாமந்திக்குள்ளிருந்து மூக்கடைப்போடு வரும்.

புளூம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமை கேட்டார். ரெக்கார்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு சேனல், அதாவது இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி ஒலி: 45 டிகிரி சாய்ந்த ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. ஊசி பக்கவாட்டில் ஆடினால் இரண்டின் கூட்டல். மேலும் கீழும் ஆடினால் கழித்தல். ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டு கடைக்குப் பரவலாக வந்தது 1958 வாக்கில். மனிதர் 1942 ஜூன் 7-லேயே, ரேடார் சோதனை விமானம் விழுந்து, 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கழித்தலை ஏற்காடு பஸ்ஸில் கேட்கலாம். செல்போனில் செருகிய பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பாகம் கிரவுண்ட், அதாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. வளைவில் வண்டி குலுங்கிக் கிரவுண்ட் விட்டுப்போனால் மிஞ்சுவது இடது கழித்தல் வலது. பாடகர் குரலை இரண்டிலும் சமமாகத்தான் பதிந்திருப்பார்கள், கழித்தால் பூஜ்யம். தபேலா இருக்கும், எதிரொலி இருக்கும், ஆளைக் காணோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. 12-இல் இறங்கிய பாடகர் 13-இல் ஏறிக்கொள்வார், டிக்கெட் கிடையாது. பாடகரைக் காணோம் என்று செல்போனை மாற்றாதீர்கள், பின்னின் அடிப் பற்றவைப்பைப் பாருங்கள்.

ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும்போது இடது, வலது ஒயர்களை நேரே முறுக்கி ஒட்டுவது இன்னொரு கொடுமை. ஒரு சேனல் மற்றதை இழுக்கும், சத்தம் சிதையும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதற்கப்புறம் சேர்க்க வேண்டும்.

தெருவின் இந்த முனை வேப்பமரத்தில் ஒரு குழாய், அந்த முனைக் கம்பத்தில் ஒன்று கட்டிவிட்டு 'ஸ்டீரியோ' என்பவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் 0.3 நொடி பிந்தி வரும். 'மாரியம்மா' என்றால் காதில் விழுவது 'மாரிமாரியம்மாயம்மா'. ஒரே கம்பத்தில் முதுகோடு முதுகாகக் கட்டுங்கள், தீர்ந்தது.

மாலைக் காசில் அந்த இரண்டு ரெசிஸ்டர் வாங்கினால், மீதிக்கு டீயும் வடையும் ஆகும்.