சென்னையில் லிப்ஸ்டிக் பாம் வளருமா? உங்கள் செடியைக் கொன்றது வெயில் அல்ல, தண்ணீர்

கேள்வி: சிவப்புத் தண்டு உள்ள லிப்ஸ்டிக் பாம் என்ற பனை இனச் செடியை இரண்டு முறை வாங்கி வைத்தேன். நிழல் வலை கட்டியும் இலை நுனி கருகிச் செத்துவிட்டது. சென்னை வெயிலுக்கு இது ஒத்துவராதா? வேறு அபூர்வ பாம் வகைகள் ஏதாவது வளருமா?

வளரும். மடிப்பாக்கத்தில் என் வீட்டின் கிழக்குச் சுவரோரம் 2017லிருந்து ஒன்று நிற்கிறது. அதற்கு முன் நானும் இரண்டைப் பறிகொடுத்தவன்தான், அதனால் உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. முதல் செடி கத்திரி வெயிலில் போனபோது நானும் வெயிலைத்தான் பழித்தேன். வலையை இரட்டையாகக் கட்டினேன், நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இலை இன்னும் வேகமாகக் கருகியது. அந்தத் தண்ணீர்தான் அதைக் கொன்றது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இந்தச் செடியின் சொந்த ஊரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெற்குத் தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, போர்னியோ. அங்கேயும் இது முளைப்பது சாதாரண மண்ணில் இல்லை. மட்காத இலைதழை அடுக்கடுக்காகக் குவிந்து, வருடம் முழுக்க ஊறிக் கிடக்கும் சதுப்புக் காட்டில். அந்தத் தண்ணீர் பால் விடாத டீ போல இருக்கும். புளிப்புத் தன்மை அதிகம், உப்பு என்பது அநேகமாக இல்லவே இல்லை. மலாய்க்காரர்கள் இதைப் பினாங் ராஜா என்பார்கள். பினாங் என்றால் பாக்கு. நம் கமுகுக்கு உறவுதான், ஆனால் கமுகைவிட ஆயிரம் மடங்கு நாசூக்கு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் சின்னமே இந்த மரம்தான். அங்கே முழு வெயிலில் ரத்தச் சிவப்பாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆசை வந்தது.

இப்போது நம் போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் எங்கள் தெருவில் 1400 காட்டுகிறது. குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் அதே உப்புதான் தொட்டி விளிம்பிலும் பூக்கிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். மேலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றினால் வேரைச் சுற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும். ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. பழைய இலைகளின் நுனி கருகுவது பெரும்பாலும் இதனால்தான். குருத்து மட்டும் வெளுத்து மஞ்சளாக, நரம்பு பச்சையாக வந்தால் அது இரும்புச் சத்து ஏறாததன் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு உரத்தை அள்ளிப் போடாதீர்கள். உரமும் ஒரு வகை உப்புதான்.

ஆகவே நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மழை நீர் கிடைத்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. மொட்டை மாடிக் குழாயை ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் விட்டிருக்கிறேன். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் மூடி போட்டுப் பிடித்துவைத்தால் பொங்கல் தாண்டியும் வரும். அதன் பிறகு எனக்குக் கைகொடுப்பது ஏசி தண்ணீர். காற்றில் இருந்து குளிர்ந்து இறங்கும் நீர் என்பதால் அதில் உப்பு கிடையாது. எங்கள் படுக்கையறை ஏசி ஓர் இரவில் அரை பக்கெட் தருகிறது. ஏசி ஓடும் மாதங்களும் செடி தவிக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்தது பெரிய வரம். ஏசி சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் கெமிக்கல் கலந்திருக்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தயவுசெய்து இதற்கு ஊற்றாதீர்கள். வீணாகப் போகிறதே என்று பலர் செடிக்குத்தான் விடுகிறார்கள். போர் தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து கெட்டியாகி வருவது அது.

மற்ற செடிகளுக்குச் செய்யக்கூடாத ஒன்றை இதற்குச் செய்யலாம். தொட்டியை ஓர் அகலமான பேசினில் வைத்து நாலு விரல் உயரம் தண்ணீர் நிற்க விடுங்கள். சதுப்பில் பிறந்தது என்பதால் வேர் அழுகாது. கொசு வராமல் இருக்க நாலைந்து கப்பி மீன் விட்டிருக்கிறேன், ஒரு புழு மிஞ்சுவதில்லை. வாரம் ஒரு முறை பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். இல்லையென்றால் அதிலும் உப்பு சேரும்.

மண் கலவையில் என் அனுபவம் எளிமையானது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) பாதி, மட்கிய இலை உரம் பாதி, கனத்துக்குக் கொஞ்சம் செம்மண். கோகோபீட்டிலேயே உப்பு இருக்கும், அதனால் நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்ப்பேன். அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு இரண்டும் வேண்டாம். ரோஜாவுக்கு வைத்துப் பழகிய கை தானாக இதற்கும் போடப் போகும். இரண்டுமே மண்ணின் காரத்தை ஏற்றுபவை, இந்தச் செடிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். குருத்து வெளுத்தால் இரும்புச் சத்து கொடுக்கலாம். ஆனால் கார மண்ணில் ஃபெரஸ் சல்பேட் போட்டால் கரையாத வடிவத்துக்கு மாறிப் பயனில்லாமல் கிடக்கும். உரக்கடையில் ஈடிடிஎச்ஏ இரும்பு என்று கேளுங்கள். தண்ணீரில் கரைத்தால் செக்கச் செவேலென்று இருக்கும். அது கார மண்ணிலும் வேருக்கு எட்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் பங்கு இருக்கிறது. வெப்பத்தைவிட வறண்ட மேற்குக் காற்றுதான் எதிரி. மே மாதத்தில் கடல் காற்று தாமதமாக வரும் நாட்களில் இலை கண்ணெதிரே சுருங்கும். கிழக்குப் பக்கச் சுவரோரம், பத்து பதினொரு மணி வரை வெயில், பிறகு நிழல் என்று வைத்தால் தாங்கும். சுற்றி வாழையும் சேம்பும் இருந்தால் காற்றில் ஈரம் கொஞ்சம் தங்கும். இருட்டான மூலையில் வைத்துவிடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் சிவப்பும் மங்கிவிடும். நாற்றாக இருக்கும்போது தண்டு பச்சையாகவே இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். குளிரைப் பொறுத்தவரை சென்னைக்குக் கவலை இல்லை. பத்து டிகிரிக்குக் கீழே போகும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதற்கு ஆசைப்படக் கூடாது.

வாங்கும் காலமும் முக்கியம். கேரளாவிலிருந்தும் ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்தும் வரும் செடிகள் ஈரமான வலைக்குடிலில் வளர்ந்தவை. ஏப்ரலில் கொண்டுவந்தால் அடுத்த மாதமே கத்திரி. அக்டோபரில் வாங்குங்கள், வேர் பிடிக்க ஆறேழு மாதம் கிடைக்கும்.

என் இரண்டாவது செடியின் கதையையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் முருங்கைக் கிளை முறிந்து அதன் மேல் விழுந்தது. பெரிய தண்டின் குருத்து நசுங்கிவிட்டது. பனை இனத்தில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான், அது போனால் அந்தத் தண்டு போயிற்று. ஆனால் இது தூர் கட்டும் வகை. அடியில் மூன்று பக்கக் கன்றுகள் பச்சையாகவே இருந்தன. அப்படியே விட்டிருந்தால் மீண்டிருக்கும். வாழைக்கன்று மாதிரி நினைத்து மூன்றையும் பிரித்துத் தனித்தனியாக நட்டேன். இரண்டு மாதத்துக்குள் மூன்றும் காய்ந்தன. அந்தக் கன்றுகளுக்கு சொந்த வேர் மிகக் குறைவு, தாயிடமிருந்து அறுத்தால் தாங்குவதில்லை. கன்று கேட்டு எத்தனை பேர் வந்தாலும் இப்போது நான் தருவதில்லை.

மற்ற வகைகளைப் பற்றிக் கேட்டீர்கள். வட்டமாக, விசிறி மடிப்போடு இலை விடும் லிகுவாலா கிராண்டிஸ் வனுவாட்டுத் தீவுக்காரன். நிழலும் காற்று மறைப்பும் இருந்தால் லிப்ஸ்டிக் பாமைவிட எளிது. பாட்டில் பாம் தெரிந்திருக்கும், கல்யாண மண்டப வாசல்களில் எல்லாம் நிற்கிறதே. மொரீஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவில் மட்டுமே பிறந்த மரம் அது. ஒரு காலத்தில் அங்கே இயற்கையாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவே. உலகத் தோட்டங்களில்தான் அது பரவியிருக்கிறது என்பதை நினைத்தால் அந்த வாசல்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். உப்பும் வெயிலும் தாங்கும். இலையடியில் வெள்ளை ஈ வருகிறதா என்று மட்டும் பாருங்கள், 2016ல் பொள்ளாச்சித் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இந்த அலங்கார வகைகளையும் விடுவதில்லை. வரைக்கமுகு மேல் எனக்குத் தீராத ஆசை. அகத்தியமலைப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் பனிமூட்டத்தில் வளரும் நம் சொந்த அபூர்வ மரம். சமவெளிக்கு அது வேண்டாம், யாராவது காட்டிலிருந்து பெயர்த்துக் கொடுத்தால் வாங்கவும் வேண்டாம்.

மூன்றாவது முறை வாங்குவதற்கு முன் உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் பார்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஏசியிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்றும் அளந்து சொல்லுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால் எந்த அளவு தொட்டியில் ஆரம்பிக்கலாம் என்று என்னால் சொல்ல முடியும்.