காலில் பி.பி. பார்ப்பது எதற்கு? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் புதுச்சேரியில் ரத்தக்குழாய் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன்.)

கடலூர் முதுநகர் வாசகர்: அப்பா கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. பீடி பழக்கம் உண்டு. டாக்டர் காலில் பி.பி. பார்க்கச் சொல்கிறார். ஊசி போடுவார்களா?

ஊசியே கிடையாது. பத்து நிமிடம் படுக்கவைப்போம். இரண்டு கைகளிலும், இரண்டு கணுக்கால்களுக்குச் சற்று மேலும் பட்டை கட்டுவோம். பாதத்தில் ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையில் காற்று ஏற ஏறச் சத்தம் நிற்கும்; இறக்கும்போது எந்த அளவில் திரும்பக் கேட்கிறதோ, அதுதான் கால் அழுத்தம். அதைக் கை அழுத்தத்தால் வகுத்தால் ஏ.பி.ஐ. கையில் 140, காலில் 84 என்றால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். அன்று காலையாவது பீடி பிடிக்காமல் வரச் சொல்லுங்கள். அப்படியே பீடியை விட்டுவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி!

வில்லியனூர் வாசகி: அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. ஏ.பி.ஐ. 1.5. ஒன்றுக்கு மேல் இருந்தால் நல்லதுதானே? விரல் புண் மட்டும் ஆறவே இல்லை.

நல்லது இல்லைம்மா. 1.4-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக்கூடாது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது, அளவு பொய்யாக ஏறும். உள்ளே அடைப்பு இருந்தாலும் தெரியாது. கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.7-க்குக் கீழே போனால் கோளாறு. ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஜிப்மரோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, இந்த வாரமே காட்டுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: எனக்கு 1.0தான். ஆனால் நடந்தால் வலிக்கிறதே?

நடக்கவைத்து உடனே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் ஒளிந்திருக்கும் அடைப்பு அப்போது தெரியும். 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சந்தேகம்தான். நின்றால் போகாமல், உட்கார்ந்தாலோ குனிந்தாலோ மட்டும் வலி குறைகிறதா? அப்படியானால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொருவர்: வீட்டு பி.பி. மெஷினைக் காலில் கட்டலாமா?

வேண்டாம். ஓட்டம் குறைந்த காலில் அது தப்பாகக் காட்டும்.

பண்ருட்டி வாசகி: திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் இந்த டெஸ்டா?

டெஸ்டுக்குத் தேதி வாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108. சில மணி நேரம் தாமதித்தாலே கால் போய்விடும்.