விகாரம் எத்தனைக்கு ஒன்று? கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. உயர்தர உயிரியல் படிப்பித்து ஓய்வெடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை. விகாரம் (mutation) என்றால், பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் டீஎன்ஏ என்ற நீண்ட எழுத்து வரிசையில் எழுத்து மாறிப்போவது.

ஆரையம்பதி: சேர், மனிதருக்கு விகாரம் அடிக்கடி வருமா?

எதற்குள் அடிக்கடி? அலகு எழுதாத விடைக்கு நான் வகுப்பில் புள்ளி போட்டதில்லை. ஒரு பிள்ளைக்கு என்றால், தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றம் ஏறத்தாழ 60, 70 இருக்கும். எழுத்துக்கு என்றால் கதை வேறு. ஒரு கலத்தின் டீஎன்ஏயில் 600 கோடிக்கு மேல் எழுத்து; ஒன்பது கோடிக்கு ஒன்றுதான் மாறுகிறது. ஆயிரம் நெல் 25 கிராம் என்று வைத்தால், இரண்டு தொன் நெல்லில்கூட ஒரு பதர் தேறாது.

அக்கரைப்பற்று: 70 பிழையா! அப்போ எல்லாரும் நோயாளியா?

இல்லை. புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதி நூற்றில் ஒன்று, ஒன்றரைதான். மிச்சத்தில் விழுபவற்றில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் கிடக்கும்.

களுவாஞ்சிகுடி: தாய்க்கு வயது போனால் விகாரம் கூடுமாமே?

மருமகளைக் குறை சொல்லும் மாமியார்மார் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். புதிய எழுத்து மாற்றங்களில் முக்கால் பங்குக்கு மேல் தகப்பன் வழி வருகிறது. பெண்ணின் சூல்கள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்துக்கான கலங்களோ வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. படியெடுக்க எடுக்கப் பிழை சேரும். இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா உள்ள குடும்பங்களை வைத்து, பிரித்தானிய மரபியலாளர் ஹால்டேன் 1947இலேயே இதை ஊகித்தார். 2012இல் ஐஸ்லாந்துக்காரர் 78 குடும்பங்களின் டீஎன்ஏயை முழுதாக வாசித்து, தகப்பனின் வயதில் ஒரு வருடம் கூடினால் பிள்ளைக்கு இரண்டு விகாரம் கூடுகிறது என்றார்கள். பிறகு வந்த பெரிய ஆய்வில் அது ஒன்றரை. தாயின் வயதுக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறியது. டவுன் நோய் வேறு: அது எழுத்துப் பிழை அல்ல, டீஎன்ஏ சுருண்டிருக்கும் நிறமூர்த்தம் (chromosome) ஒன்று முழுதாகக் கூடுவது. அங்கேதான் தாயின் வயது பெரிதாகப் பேசும்.

வாழைச்சேனை: எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு விகாரம் வருமா?

ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் பல பத்தாண்டுகள் தேடியும் அப்படி ஒரு கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. நெஞ்சுப் படம் ஒன்றுக்குப் பயம் வேண்டாம். கர்ப்பம் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கல்முனை: போன் டவர்?

அந்த அலைக்கு டீஎன்ஏயை உடைக்கும் வலு இல்லை.

செங்கலடி: சேர், எக்ஸ்ரே...

மேலே.

திருக்கோவில்: சொந்தத்தில் கட்டினால் விகாரம் கூடும் என்கிறார்கள். நாங்கள் குடி பார்த்துத்தானே கட்டுகிறோம்?

சம்மாந்துறை (குறுக்கே): குடி பார்த்தால் போதுமென்றால் டொக்டர்மார் ஏன் எச்சரிக்கிறார்கள்?

இரண்டு பேரும் பாதி சரி. மச்சாளைக் கட்டுவதால் புதிய விகாரம் ஒன்றும் பிறக்காது. இருவரிடமும் ஒற்றைப் பிரதியாகச் சும்மா கிடக்கும் பழைய விகாரம், பிள்ளையில் இரண்டு பிரதியாகச் சந்திக்க வழி வரும், அவ்வளவுதான். குடிக்கு வருவோம். குடி என்பது எங்கள் பக்கத்தில் தாய் வழியே வரும் குலம்; ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. சின்னம்மா மகள் உங்கள் குடி, அதனால் தங்கச்சி. மாமன் மகளுக்கு அவள் தாயின் குடி, அதனால் மச்சாள். ஆனால் இருவரோடும் உங்களுக்குள்ள டீஎன்ஏப் பங்கு சராசரியாக ஒன்றேதான்: எட்டில் ஒன்று. நிறமூர்த்தம் குடி பார்ப்பதில்லை. குடிபோலத் தாய் வழியே போவது கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் (mitochondria) 16,569 எழுத்துகள் மட்டும்.

திருக்கோவில்: நான் மாமன் மகளைத்தான் கட்டினேன். இரண்டு பிள்ளையும் நல்ல சுகம்.

சந்தோஷம், மகன். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சுகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் இரண்டு பிள்ளையை வைத்து ஊருக்குக் கணக்குப் போடக்கூடாது. அவர்கள் கலியாணப் பேச்சு வரும்போது, சொந்தமோ அந்நியமோ, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு இரத்தம் பார்த்துவிடுங்கள்.

சம்மாந்துறை: அப்போ நான் சொன்னதுதானே சரி?

பாதி என்றேன்.

எக்ஸ்ரே கேட்ட மற்ற மூவருக்கும்: மேலே.