ஆண் அந்துப்பூச்சிக்கு வழி காட்டுவது எது?

கேள்வி: வயலில் கட்டும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சிகள் மட்டுமே விழுகின்றனவே, அவ்வளவு மெல்லிய மணத்தை அவை எப்படி உணர்கின்றன? திசையை எப்படி அறிகின்றன?
– வாசகர், தருமபுரி

பதில்: பெண் அந்து இணையை அழைக்கச் சுரக்கும் ஃபெரோமோன் என்னும் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துத்தான் பொறியில் வைக்கிறார்கள். இவ்வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட். ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் (இவையும் அந்துகளே) சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே கிடைத்த அப்பொருளுக்கு, 1959-இல் பாம்பிகால் என்று பெயரிட்டார்.

ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பை உருப்பெருக்கியில் பார்த்தால், சீப்பின் பற்களைப் போல் இருபுறமும் கிளைகள் விரிந்திருக்கும். அக்கிளைகளில் ஏறத்தாழ 17,000 நீண்ட உணர்மயிர்கள் உள்ளன. உணர்மயிரின் சுவரிலுள்ள நுண்துளை வழியே நுழையும் பாம்பிகால் மூலக்கூறை, உள்ளிருக்கும் திரவத்தில் ஒரு புரதம் பற்றிக்கொண்டு நரம்புச் செல்லில் அம்மூலக்கூறை இனங்காணும் ஏற்பியிடம் சேர்க்கிறது. உடனே மின்துடிப்பு எழுகிறது. ஒரே ஒரு மூலக்கூறுகூட ஒரு துடிப்பை எழுப்பப் போதுமானது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் மணமே இல்லாதபோதும் இச்செல்கள் அவ்வப்போது தாமாகவே துடிப்பதால், ஆயிரக்கணக்கான செல்களின் செய்திகள் மூளையில் ஒன்றுகூடி, வழக்கத்தை மீறிய துடிப்பு தென்படும்போதுதான் பூச்சி கிளம்புகிறது. இச்செய்திகளை வாங்குவதற்கென்றே ஆணின் மூளையில் தனியாக ஒரு பெரிய நரம்பு முடிச்சு இருக்கிறது.

திசையைச் சொல்வது மணமன்று, காற்று. பெண்ணிடமிருந்து வரும் மணம் காற்றில் சீராகப் பரவாமல், இழை இழையாகப் பிய்ந்து வருகிறது. ஓர் இழை உணர்கொம்பில் பட்டதும் பறக்கும் அந்து காற்றை எதிர்த்து முன்னேறுகிறது. இழை தவறினால் இடமும் வலமுமாக வளைந்து பறந்து அடுத்ததைத் தேடுகிறது. தான் காற்றால் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறோம் என்பதைக் கீழே நகரும் நிலத்தைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்கிறது. அடுத்தடுத்த இழைகளைத் தனித்தனியே உணர்வதற்காக, உள்ளே வந்த மூலக்கூறுகள் உடனுக்குடன் செயலிழக்கச் செய்யப்படுகின்றன.

இடைவெளியே இல்லாத மணப்புகைக்குள் விடப்பட்டால் பல அந்துகளால் முன்னேற முடிவதில்லை. பருத்தியில் ஓர் அந்தின் புழுவான இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த, வயல் முழுவதும் செயற்கை ஃபெரோமோனைப் பரப்பி, ஆண்கள் பெண்களைக் கண்டடையாமல் தடுக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது.