விதைப் பாக்கெட்டும் உரிமைப் பத்திரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விதையைப் பற்றியவை. படித்துக்கொண்டு போனால் எல்லாவற்றிலும் ஒரே குழப்பம். புதிய பயிரினத்தை உருவாக்கியவரின் உரிமை, பாக்கெட்டின் மேலுள்ள வர்த்தகக் குறி, விதையின் தரத்துக்கான அத்தாட்சி, இறக்குமதி அனுமதிப் பத்திரம் ஆகிய நான்கையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிடுகிறார்கள். நான்குக்கும் வெவ்வேறு கதவு. முதலாவதற்கு இலங்கையில் இன்னும் கதவே வைக்கவில்லை.

கேள்வி: ஐயா, புறக்கோட்டையில் விதை வியாபாரம் செய்கிறோம். தாய்லாந்து நிறுவனம் ஒன்று தன் புதிய தக்காளி இனத்தை எங்கள் மூலம் விற்க முன்வந்திருக்கிறது. "உங்கள் நாட்டில் எங்கள் இனத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்கிறார்கள். கொழும்பிலுள்ள புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாமா?

பதில்: பெயரைப் பதியலாம், இனத்தைப் பதிய முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) வழங்குவதில்லை. புலமைச் சொத்து பற்றிய உலக வர்த்தக நிறுவனத்தின் டிரிப்ஸ் உடன்படிக்கை, 27.3(ஆ) பிரிவில், தாவரத்துக்கு ஆக்கவுரிமை தர வேண்டாம் என்றால் பயிரினங்களைக் காக்கத் தனியான ஒரு சட்டமாவது வேண்டும் என்கிறது. வளர்முக நாடுகளுக்குத் தரப்பட்ட தவணை 2000 ஜனவரியோடு முடிந்தது. இங்கே வரைவுகள் எழுதப்பட்டன, பேசப்பட்டன, சட்டமாக வரவில்லை.

ஆனால் உங்கள் தாய்லாந்துக்காரர் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அவர் தருவது கலப்பின விதை. அதைப் பெற்ற தாய்வழி, தந்தைவழிச் செடிகள் இரண்டும் அவருடைய தோட்டத்தைத் தாண்டுவதில்லை; உங்களுக்கு வருவது இரண்டையும் கலந்து பெற்ற முதல் தலைமுறை மட்டும். அதிலிருந்து விதை எடுத்து விதைத்தால் அடுத்த போகத்தில் செடிக்குச் செடி வேறுபடும். இயற்கையே போட்ட பூட்டு இது. சட்டம் இல்லாமலேயே மரக்கறி விதை வியாபாரம் இங்கே இத்தனை காலம் நடந்து வருவதன் காரணமும் அதுதான். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களான நெல், பயறு, கௌபி ஆகியவற்றுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஒரு முறை விற்ற விதையை விவசாயி ஆண்டுக்கணக்கில் தானே பெருக்கிக்கொள்வார். தனியார் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காமல், பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற அரச நிறுவனங்களே சுமையைச் சுமப்பதும் அதனால்தான்.

சிக்கல் தொடங்குவது அவர் பெற்றோர் வழிகளையும் அனுப்பி, "விதை உற்பத்தியை இலங்கையிலேயே செய்வோம்" என்று சொல்லும்போது. அப்போது உங்களுக்குக் காவல் ஒப்பந்தம் ஒன்றே. வழிகளை யார் வைத்திருப்பது, எந்த வயலில் நடுவது, ஒப்பந்தம் முடிந்தால் மீதியைத் திருப்பித் தருவதா அழிப்பதா, வழக்கு என்றால் எந்த நாட்டில் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலி தாண்டி வந்து நாலு பழத்தைப் பறித்துப் போனவரை அந்தக் காகிதத்தைக் காட்டிப் பிடிக்க முடியாது. சட்டம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு உள்ள வலுவான நியாயம் அதுதான்.

கேள்வி: கிளிநொச்சியில் நெல் செய்கிறேன். பயிரின உரிமைச் சட்டம் வந்தால் விதை நெல்லை எடுத்து வைப்பதே குற்றமாகிவிடும் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். உண்மையா? பக்கத்துக் காணிக்காரருக்குக் கொடுப்பதும் குற்றமா?

பதில்: இன்றைய நிலையில் குற்றம் எதுவும் இல்லை. நீங்கள் விதைக்கும் பிஜி 352, ஏடி 362 எல்லாம் அரச ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்டவை. அவற்றுக்கு இங்கே உரிமைத்தொகை கேட்பவர் யாரும் இல்லை. (352இல் முதல் இரண்டு இலக்கம் மூன்றரை மாத நெல் என்பதற்கான குறி. இதை அறிந்து வைத்திருக்கும் விவசாயிகளுக்கு விதைக் கடையில் காது குத்துவது கஷ்டம்.) 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் வேறு. விதையை வியாபாரமாகக் கையாள்பவர்களைப் பதிவு செய்வதும் தரத்தைக் கண்காணிப்பதும் அதன் வேலை.

நாளை சட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது எந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆசியாவில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, புதிய பயிரினங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான யுபோவின் வழி. 1961இல் பாரிஸில் உருவாகி, 1991இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. 1991இன் விதிப்படி உரிமைக் காலம் குறைந்தது 20 ஆண்டு. மரங்களுக்கும் கொடிமுந்திரிக்கும் 25. வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவதையும், ஆராய்ச்சியையும், அந்த இனத்தை வைத்து இன்னொரு புதிய இனத்தை உருவாக்குவதையும் உரிமைக்காரர் தடுக்க முடியாது. விற்பனைக்காகப் பயிர் செய்யும் விவசாயி தன் அறுவடையிலிருந்து விதை வைத்துத் தன் காணியில் விதைக்கலாமா என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கலாம். அதற்கும் எல்லைகள் உண்டு. பக்கத்துக் காணிக்குக் கொடுப்பதும் விற்பதும் அந்தச் சலுகைக்குள் வராது. கூட்டங்களில் சொல்லப்படும் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றது இந்தியாவின் வழி. அங்கே 2001இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே விவசாயிகளின் உரிமையும் சேர்ந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இனத்தின் விதையைக்கூட விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது அதன் 39ஆவது பிரிவு. ஒரே தடை: பெயர் அச்சிட்ட பையில் அடைத்து விற்கக்கூடாது. இனத்தை விற்றவர் சொன்ன விளைச்சல் வராவிட்டால் நட்டஈடு கேட்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சட்டத்தை நம்முடைய அதிகாரிகள் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்பீர்கள். 2019இல் பெப்சிகோ நிறுவனம் தன் எஃப்எல் 2027 உருளைக்கிழங்கு இனத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் மீது வழக்குத் தொடுத்தது. சிலரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, அடுத்த மாதமே வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021 டிசம்பரில் அந்த இனத்தின் பதிவையே பயிரினப் பாதுகாப்பு ஆணையம் இரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த இரத்து உத்தரவை நீக்கியது. ஆக, எழுத்தில் உரிமை இருந்தும் விவசாயி நீதிமன்றப் படி ஏற வேண்டித்தான் இருந்தது. எழுத்தில் அது இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள். இங்கே சட்டம் வருவதை எதிர்ப்பதற்குச் செலவிடும் மூச்சை, அதில் 39ஆவது பிரிவைப் போன்ற ஒன்றைக் கேட்டு வாங்கச் செலவிடுவது உங்கள் விதை நெல்லுக்கு நல்லது.

கேள்வி: நுவரெலியாவில் கிரனோலா விதை உருளைக்கிழங்கு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் உரிமைத்தொகையா இது?

பதில்: இல்லை. கிரனோலா 1970களில் ஜெர்மனியில் வெளியான இனம். அதன் உரிமைக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது. நீங்கள் கொடுப்பது நோயற்ற கிழங்குக்கும், குளிரூட்டிக்கும், கப்பலுக்கும், ரூபாயின் பெறுமதிக்கும்.

கேள்வி: தெஹிவளையில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கத்தரி முளைத்திருக்கிறது. வெள்ளைக் காயில் ஊதாக் கோடு, முள் இல்லாத காம்பு. இப்படி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. சட்டம் இருக்கும் நாடாக இருந்தால் இதை என் பெயரில் பதியலாமா?

பதில்: அழகான கத்தரியாகத் தெரிகிறது. பதிவுக்கு அழகு போதாது. நான்கு சோதனைகள் உண்டு: புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைபேறு. உங்களைத் தடுக்கப்போவது மூன்றாவதும் நான்காவதும்.

சோதனை வயலில் நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் விதையை வரிசையாக நட்டு, பக்கத்திலேயே அதற்கு மிக நெருக்கமான பழைய இனங்களையும் நடுவார்கள். நாற்றின் தண்டில் ஊதா நிறம் ஏறியிருக்கிறதா, இலை விளிம்பு எவ்வளவு வெட்டுண்டது, புல்லி வட்டத்தில் முள் உண்டா, காயின் நீளத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம், கோடு காம்பிலிருந்து நுனி வரை ஓடுகிறதா பாதியில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் குறிப்பார்கள். வரிசைக்குள்ளே நாலைந்து செடி ஊதாக் காய் காய்த்து நின்றால் சீர்மை போயிற்று. பொதுவாக இரண்டு போகம் பார்ப்பார்கள். அடுத்த போகத்தில் கோடு மங்கினால் நிலைபேறும் போயிற்று. ஒரே ஒரு செடி தானாக முளைத்தது என்றால், பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுக் கத்தரியும் உங்கள் கத்தரியும் தேனீயின் தயவில் கலந்து பிறந்தது. நல்ல செடியில் துணிப்பை கட்டிப் பூவை மூடி, தன் மகரந்தத்தில் காய்க்கவைத்து, ஐந்தாறு தலைமுறை பொறுக்கி எடுங்கள். அதுவரை பொறுமை இருந்தால் பிறகு பதிவைப் பற்றிப் பேசலாம். கறிக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

கேள்வி: சட்டம் படிக்கும் மாணவி நான். ஆசிய நாடுகள் ஒன்றுசேர்ந்து, ஒரு நாட்டில் பதிந்தால் எல்லா நாட்டிலும் செல்லும்படி செய்ய முடியாதா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஒரு பொதுப் பதிவு இருக்கிறது. ஆசியாவில் இல்லை. இங்கே உரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அதன் விலையைக் கொடுத்தது ஜப்பான். ஷைன் மஸ்கட் என்ற பச்சைத் திராட்சையை அங்குள்ள அரச ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2006இல் பதிந்தது. வெளிநாட்டில் பதியக் கொடிப் பயிர்களுக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு; அதற்குள் யாரும் விண்ணப்பிக்கவில்லை. இன்று கொரியாவிலும் சீனாவிலும் அதே திராட்சை சட்டப்படி தோட்டம் தோட்டமாகக் காய்க்கிறது. 2020இல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, பதிந்த இனங்களை வெளியே கொண்டு போவதைக் கட்டுப்படுத்தியது. குதிரை ஓடிய பிறகு இலாயத்தைப் பூட்டிய கதைதான்.

அந்த அனுபவத்துக்கு முன்னரே, 2008இல், ஜப்பானின் முயற்சியால் கிழக்காசியப் பயிரினப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியது. ஆசியான் நாடுகளோடு சீனா, ஜப்பான், கொரியா சேர்ந்தது. பரிசோதனை முறைகளை ஒத்ததாக்குவதும் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதும் அதன் முக்கிய வேலை. சிங்கப்பூர் 2004இலும் வியட்நாம் 2006இலும் யுபோவில் சேர்ந்தன. தாய்லாந்து 1999இலேயே தனக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டது. தெற்காசியாவில் பாகிஸ்தானுக்கு 2016இலும் வங்கதேசத்துக்கு 2019இலும் சட்டம் வந்துவிட்டது. நாம்தான் இன்னும் திண்ணையில் இருக்கிறோம். உங்களுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால், பொதுப் பதிவை விட்டுவிட்டு, ஒரு நாட்டின் வயல் சோதனை அறிக்கையை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதைப் பற்றி எழுதுங்கள். சிறிய நாட்டுக்குச் செலவு குறைவது அங்கேதான்.

கேள்வி: நம் பாரம்பரிய நெல்லை வெளிநாட்டார் கொண்டுபோய்ப் பயன்படுத்திவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: பயன்படுத்தினார்கள், நாமும் பயன்படுத்தினோம். ரத்து ஹீனட்டி என்ற நம் பழைய சிவப்பு நெல்லில் கபிலத் தத்தி என்ற பூச்சியை எதிர்க்கும் மரபணு இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாக ஆசியாவின் இனவிருத்தியாளர்கள் பலர் அதைக் கையாண்டிருக்கிறார்கள். அதேபோல் பத்தலகொடையில் பிறந்த பிஜி 90-2 ஆபிரிக்காவின் மாலி நாட்டு நீர்ப்பாசன வயல்களில் ஒரு காலத்தில் வெகுவாக விளைந்தது. கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்கு வைக்க 2004இல் நடைமுறைக்கு வந்ததுதான் பயிர் மரபுவள உடன்படிக்கை. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. உறுப்பு நாடுகள் ஒரே விதியின் கீழ் பகிர்ந்துகொள்ளும் பயிர்களின் பொதுப் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது; அதில் நெல்லும் கத்தரியும் உண்டு. தக்காளி, மிளகாய், வெங்காயம் இல்லை. நம் வடக்கின் சின்ன வெங்காயத்தையும் பழைய மிளகாய் வகைகளையும் யாராவது கேட்டு வந்தால், அந்தப் பேச்சு தனியாக நடக்க வேண்டும். அதற்கு முன் அவை கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வளங்கள் நிலையத்தில் பெயரும் ஊரும் எழுதிச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏதும் எழுதி வைக்காத பொருளை நம்முடையது என்று காட்டுவது கடினம்.

கேள்வி: அடுத்த மாதம் சென்னை போகிறேன். ஊரில் உள்ள அண்ணனுக்குக் குண்டு மிளகாய் விதை அரைக் கிலோ கொண்டு வரலாமா?

பதில்: வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டக்கூடாது. அரைக் கிலோவாக இருந்தாலும் அதுதான் விதி. 2015இல் ஜோர்தானின் தக்காளியில் கண்டறியப்பட்ட பழச் சுருக்க வைரஸ் சில ஆண்டுகளில் பல கண்டங்களுக்குப் பரவியதில் விதைக்கும் பங்குண்டு. அது மிளகாயையும் விடுவதில்லை. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட மிளகாய் இனங்கள் இங்கேயே கிடைக்கின்றன. அண்ணனுக்கு ஆசை காட்ட வேண்டுமென்றால் சென்னையிலிருந்து பட்டு வேட்டி வாங்கி வாருங்கள்.