கலப்பினங்களும் பரிணாமமும்: டர்பன் பகுதி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளின் 12ஆம் வகுப்பு உயிர் அறிவியல் பாடத்தில் 2008 முதல் பரிணாமம் இடம்பெற்று வருகிறது. நம் குவாசுலு-நட்டால் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் படிப்பதற்கும் பெரியவர்கள் நம்புவதற்கும் இடையே இதனால் எழும் விவாதங்கள் பல என்னிடமும் வந்து சேர்கின்றன. இரு வேறு விலங்கினங்கள் கூடிக் குட்டி ஈனுவது பரிணாமத்துக்குச் சான்றா, மறுப்பா என்பதே அவற்றுள் அடிக்கடி எழுவது. பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், அதையொட்டி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பீனிக்ஸ், 12ஆம் வகுப்பு மாணவி: ஐயா, குதிரையும் கழுதையும் சேர்ந்தால் பிறக்கும் கோவேறு கழுதை மலடாக இருக்கிறது. அப்படியானால் இனங்களுக்கு இடையே கடக்க முடியாத எல்லை இருக்கிறது என்றுதானே பொருள்?

மகளே, மலட்டுத்தன்மை ஏன் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். உயிரணுக்களில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதை தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 எனப் பெற்று 63 குரோமோசோம்களுடன் பிறக்கிறது. உடல் வளர இது தடையாக இல்லை. கோவேறு கழுதை பெற்றோர் இருவரையும்விடத் திடமாக உழைக்கக்கூடியது என்பதை வண்டியோட்டிகள் நன்கு அறிவார்கள். ஆனால் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும் நேரத்தில், தாய்வழி வந்த ஒவ்வொரு குரோமோசோமும் தந்தைவழி வந்த தன் நிகருடன் இணைசேர்ந்து பிறகு பிரிய வேண்டும். எண்ணிக்கையிலும் அமைப்பிலும் வேறுபட்ட குரோமோசோம்களால் அந்த இணைசேர்தல் குலைந்துபோகிறது. அப்படியிருந்தும் மிக அரிதாகப் பெண் கோவேறு கழுதைகள் குட்டி ஈன்றிருப்பது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

எல்லை இருக்கிறது என்பது உண்மை; ஆனால் அது எங்கும் ஒரே உயரத்தில் இல்லை. ஆப்பிரிக்கப் புல்வெளி விலங்குகளான கருப்பு வில்டபீஸ்ட், நீல வில்டபீஸ்ட் ஆகிய இரண்டின் கலப்புக் கன்றுகள் முழு இனப்பெருக்கத் திறனுடன் இருக்கின்றன. சிங்கம், புலி ஆகியவற்றின் கலப்பில் பிறக்கும் பெண் கருவுறக்கூடியது, ஆண் மலடு. வெள்ளாடும் செம்மறியும் கலந்தால் கரு பெரும்பாலும் கருப்பையிலேயே அழிந்துவிடுகிறது. இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டு அவற்றுக்கிடையே எல்லை திட்டமிட்டு இடப்பட்டிருந்தால் இத்தனை படிநிலைகளுக்குக் காரணம் சொல்வது கடினம். அவை பொது மூதாதையரிடமிருந்து வெவ்வேறு காலங்களில் பிரிந்திருந்தால், அண்மையில் பிரிந்தவை எளிதாகக் கலக்கவும், நெடுங்காலத்துக்கு முன் பிரிந்தவை கலக்க இயலாமல் போகவும் பொதுவாக எதிர்பார்க்கலாம். டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலின் எட்டாம் அத்தியாயம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். மலட்டுத்தன்மை தனியாக அருளப்பட்ட பண்பு அன்று, பிற வேறுபாடுகள் சேரச்சேர உடன் விளைவது என்பதே அவர் முடிவு. மரபணு என ஒன்று இருப்பதையே அறியாத காலத்தில் அவர் இதைக் கண்டார் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

சாட்ஸ்வர்த், ஒரு தந்தை: எங்கள் சபைப் போதகர், கடவுள் உயிர்களை வகை வகையாகப் படைத்தார் என்றும், குதிரை, கழுதை, வரிக்குதிரை யாவும் ஒரே வகை என்றும், அவை கலப்பது வகைக்குள் நடப்பதால் பரிணாமத்துக்குச் சான்றாகாது என்றும் விளக்குகிறார். இதற்கு உங்கள் பதில் என்ன?

படைத்தவர் யார் என்ற கேள்வி விலங்கியலின் எல்லைக்குள் வருவதில்லை. அதில் உங்கள் நம்பிக்கையைத் தொட எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் 'வகை' என்ற வாதம் விலங்குகளைப் பற்றியது; ஆகவே விலங்குகளைக் கொண்டே அதைச் சோதிக்கலாம்.

நம் நாட்டு மலை வரிக்குதிரைக்கு 32 குரோமோசோம்கள். சமவெளி வரிக்குதிரைக்கு 44. மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரைக்கு 66. இவை யாவும் ஓர் ஆதிக் குதிரை வகையிலிருந்து வந்தவை என்று போதகர் ஒப்புக்கொண்டால், குரோமோசோம்கள் உடைந்தும் இணைந்தும், உடலும் நடத்தையும் மாறியும், ஒன்றோடொன்று கலந்தால் மலட்டுக் குட்டி பிறக்கும் அளவுக்கு ஒரே மரபு பலவாகப் பிரிந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டவராகிறார். பரிணாமத்தின் உயிர்நாடியே அதுதான். மிச்சமிருப்பது, அந்த மாற்றம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வி மட்டுமே. கலக்கும் திறனை அளவுகோலாகக் கொண்டு அந்த இடத்தைக் குறிக்க முடியாது. ஏனெனில் முன் பதிலில் சொன்னதுபோல் அத்திறன் ஓரிடத்தில் சட்டென அறுந்துவிடாமல் படிப்படியாகத் தேய்கிறது. மனிதருக்கு 46 குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 48. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, இரு பழைய குரோமோசோம்களின் முனைகள் ஒட்டிக்கொண்ட தடயம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. குதிரைகளுக்குள் நிகழ்ந்ததாக ஏற்கப்படும் மாற்றத்தைவிட இது வியப்பானது அன்று.

லேடிஸ்மித், விளையாட்டு வேட்டைப் பண்ணையில் பணிபுரிபவர்: கலப்பு வில்டபீஸ்ட்டுகளைப் பண்ணைகளிலிருந்து அகற்றுகிறார்கள். கலப்பு இயற்கையானது என்றால் அந்தக் கன்றுகள் செய்த குற்றம் என்ன?

கன்றுகள் எக்குற்றமும் செய்யவில்லை. உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீல வில்டபீஸ்ட் மரங்கள் கலந்த புல்வெளியில் வாழ்வது; ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் பரவியிருப்பது. கருப்பு வில்டபீஸ்ட் தென்னாப்பிரிக்க உயர்நிலத்தின் திறந்த புல்வெளிக்கே உரியது. நீல வில்டபீஸ்ட்டை ஒத்த மூதாதையரிடமிருந்து சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது பிரிந்தது எனப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. திறந்தவெளியில் ஆண்கள் தத்தம் எல்லையைக் காத்து நிற்கும் வாழ்க்கைமுறையே அதன் முன்னோக்கி வளைந்த கொம்புகளையும் உடலமைப்பையும் வடித்தது என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டுக்கும் குரோமோசோம்கள் 58தான். வாழிடமும் நடத்தையுமே அவற்றை விலக்கி வைத்திருந்தன.

19ஆம் நூற்றாண்டு வேட்டையில் கருப்பு வில்டபீஸ்ட் அழிவின் விளிம்புக்குச் சென்றது; சில விவசாயிகள் தம் நிலங்களில் காத்த சிறு கூட்டங்களே அதை மீட்டன. பிறகு வந்தது வேலியும் லாரியும். இரண்டு இனங்களையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்து விட்டோம். தன்னினத்துத் துணை கிடைக்காத விலங்கு கிடைத்த துணையுடன் சேர்ந்தது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஸ்பியோன்கொப் அணைக் காப்பகத்தில் நடந்ததும் இதுவே. அங்கிருந்த கலப்புக் கூட்டத்தின் மண்டையோடுகளை ஆராய்ந்து, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ரெபேக்கா ஆக்கர்மன் குழுவினர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், பற்களிலும் மண்டையோட்டின் பொருத்துகளிலும் வழக்கத்துக்கு மாறான அமைப்புகளைக் காட்டினார்கள். தனித்தனியே 10 லட்சம் ஆண்டுகள் செம்மைப்பட்ட இரு வளர்ச்சித் திட்டங்கள் ஓருடலில் முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதே இதன் பொருள். கன்று பிழைக்கிறது, ஈனுகிறது. ஆனாலும் பிரிவின் தழும்பு எலும்பில் தெரிகிறது.

அகற்றுவதற்கான காரணம் அந்தத் தழும்பு மட்டும் அன்று. கலப்புக் கன்றுகள் மீண்டும் கருப்புடன் சேர்ந்தால், சில தலைமுறைகளில் தோற்றத்தை வைத்து அவற்றை அடையாளம் காண இயலாது. மரபணுச் சோதனை தேவைப்படுகிறது. எண்ணிக்கையில் குறைந்த, ஒரு சிறு நிலப்பரப்புக்கே உரிய கருப்பு இனம் அப்படியே கரைந்துபோகலாம். கேப் பகுதியின் போன்டெபொக் மானுக்கும் இதே அபாயம் உண்டு. 1931இல் அதற்கெனத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது அங்கு விடப்பட்டவை வெறும் 17. இன்று பண்ணைகளில் அதன் உறவான பிளெஸ்பொக்குடன் அது கலக்கிறது. இயற்கையில் தானாக நேரும் கலப்பும், நாம் ஏற்றி இறக்கி உண்டாக்கிய கலப்பும் மரபணு அளவில் ஒரே நிகழ்வுதான். பொறுப்பு மட்டும் வேறு. பின்னதற்கு நாமே பொறுப்பு என்பதால், கன்றுகளைக் கொல்லும் நிலை வருமுன் இரண்டு இனங்களையும் ஒரே வேலிக்குள் விடாமல் இருப்பதுதான் பண்ணையாளரின் கடமை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

வெருலம், ஒரு பாட்டி: நம் ஊர் யானையும் ஆப்பிரிக்க யானையும் சேருமா?

ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது, அம்மா. 1978இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலையில் ஆப்பிரிக்க ஆணுக்கும் ஆசியப் பெண்ணுக்கும் ஒரு கன்று பிறந்து, இரண்டு வாரங்களுக்குள் நோய்த்தொற்றால் இறந்தது.

பீட்டர்மரிட்ஸ்பர்க், நாய் வளர்ப்பவர்: முதலில் சேர்ந்த ஆணின் சாயல், அதே பெண் பின்னர் வேறு ஆணுக்கு ஈனும் குட்டிகளிலும் வரும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. இந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரமாக இருந்ததே நம் நாட்டு விலங்கு ஒன்றுதான். மார்ட்டன் பிரபு என்பவர் தம் பெண்குதிரையை, உடலின் முன்பகுதியில் கோடுகள் கொண்ட குவாகா என்னும் விலங்கின் ஆணுடன் சேர்த்தார். பின்பு அதே குதிரை அரபுக் குதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் கோடுகள் தென்பட்டன என்ற செய்தி 1821இல் வெளியானது. டார்வினும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்தின் கோசர் யூவர்ட் ஒரு வரிக்குதிரை ஆணைக் கொண்டு திரும்பச் சோதித்து, அத்தகைய விளைவு ஏதும் இல்லை என்று 1899இல் நூலாக வெளியிட்டார். கால்களிலும் முதுகிலும் கோடுகள் தூய குதிரைக் குட்டிகளிலும் தோன்றுவதுண்டு. குவாகாவோ 1883இல் ஆம்ஸ்டர்டாமில் கடைசியாக ஒன்று இறந்ததோடு மறைந்தது. 1984இல் அதன் தோலிலிருந்து எடுத்த டிஎன்ஏ, அது வரிக்குதிரைகளின் நெருங்கிய உறவு என்று காட்டியது. அழிந்த விலங்கொன்றின் டிஎன்ஏ படிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

டொங்காட், பல்கலைக்கழக மாணவர்: சிங்கம், புலிக் கலப்பில் ஆண் மட்டும் மலடாவது ஏன்? கலப்பினால் புதிய இனம் உருவாக முடியுமா? மனிதரிலும் இது நடந்ததா?

மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. கலப்பில் ஒரு பாலினம் மட்டும் பாதிக்கப்பட்டால், அது வேறுபட்ட இரு பாலினக் குரோமோசோம்களைக் கொண்ட பாலினமாகவே இருக்கும் என்று மரபியலாளர் ஹால்டேன் 1922இல் எடுத்துரைத்தார். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளில் பெண். ஆணிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்றே இருப்பதால், அதிலுள்ள பொருந்தாமையை மறைக்க மற்றொரு பிரதி இல்லை என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. இந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே ஆய்வு செய்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர்.

புதிய இனம் உருவாவதற்குக் கண்முன் நிகழ்ந்த சான்று கலாபகஸ் தீவுகளில் இருக்கிறது. 1981இல் எஸ்பானியோலா தீவிலிருந்து டாப்னி மேஜர் தீவுக்குத் தனியாக வந்த ஒரு ஆண் குருவி, அங்கிருந்த வேறு இனப் பெண்ணுடன் சேர்ந்தது. அதன் வழித்தோன்றல்கள் அலகின் அளவாலும் பாட்டாலும் வேறுபட்டதால், சில தலைமுறைகளிலேயே தமக்குள் மட்டும் இணைசேரத் தொடங்கின. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தார்கள். நம் கண்டத்தின் விக்டோரியா ஏரியிலுள்ள சுமார் 500 சிக்லிட் மீனினங்களும் இரு பழைய மரபுகளின் கலப்பிலிருந்து பெருகியவை என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இரு மரபுகளின் மரபணுக்கள் சேரும்போது, இயற்கைத் தேர்வு எடுத்தாளும் சேர்க்கைகள் பெருகுகின்றன.

மனிதரிலும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே மூதாதையரைக் கொண்டவர்களின் டிஎன்ஏவில் சுமார் 1 முதல் 2 விழுக்காடு, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. நாமும் அதில் அடக்கம். சைபீரியாவின் தெனிசோவா குகையில் கிடைத்த எலும்புத் துண்டு ஒன்று, நியாண்டர்தால் தாய்க்கும், தெனிசோவா எனப்படும் மற்றோர் அழிந்த மனிதக் குழுவைச் சேர்ந்த தந்தைக்கும் பிறந்த பெண்ணுடையது என்று 2018இல் கண்டறியப்பட்டது. நம் எக்ஸ் குரோமோசோமில் நியாண்டர்தால் பகுதிகள் மிகக் குறைவாக எஞ்சியிருப்பதைக் கொண்டு, அக்கலப்பில் பிறந்த ஆண்களின் இனப்பெருக்கத் திறன் குன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். கூண்டிலிருக்கும் சிங்கப்புலியில் தெரியும் அதே விதி, நம் முன்னோரின் மரபிலும் தடம் பதித்திருக்கிறது எனலாம்.

சாட்ஸ்வர்த், ஓர் இல்லத்தரசி: பிள்ளைகள் வளர்த்த பச்சைத்தலை வாத்துகள் பெருகிவிட்டன. பூங்கா ஏரியில் விடலாமா?

வேண்டாம், அம்மா. மல்லார்ட் எனப்படும் அந்த வாத்து, நம் மஞ்சள் அலகு வாத்துடன் தடையின்றிக் கலந்து, இனப்பெருக்கத் திறனுள்ள குஞ்சுகளை ஈனுகிறது. அதனால்தான் இந்நாட்டில் அயல் ஊடுருவி இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. முட்டைகளைக் குஞ்சு பொரிக்க விடாமல் எடுத்துவிட்டு, இருப்பவற்றைக் கூண்டிலேயே வையுங்கள். வைத்திருக்க இயலவில்லை என்றால் மாகாண வனவிலங்குத் துறையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.